ஜெசிந்தா அக்கா நிறுத்தி நிறுத்திப் பார்த்த பாடங்கள்

செய்தி எங்கள் பயிற்சிக் குழுவில்தான் முதலில் வந்தது. மருத்துவமனைப் பணியாளர்களுக்கான அந்த வாட்ஸ்அப் குழுவில் காலையில் வருவதெல்லாம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். இன்ன பாடத்தை இன்று மாலைக்குள் முடிக்க வேண்டும், முடிக்காதவர்கள் பெயர் மேலே போகும். அன்று ஜெசிந்தா அக்காவின் படம் வந்தது. டயாலிசிஸ் பிரிவின் ஜெசிந்தா மேரி இன்று அதிகாலை காலமானார் என்று நிர்வாகத்திலிருந்து எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே வரிசையாகப் பதில்கள். ‘நோட்டட் சார்.’ ‘ஓகே சார்.’ ‘நோட்டட்.’ அந்தக் குழுவில் எது வந்தாலும் படிக்காமல் அப்படிப் போட்டுவிடுவது எல்லோருக்கும் பழகியிருந்தது. என்னவென்று புரிந்த பிறகு சிலர் தங்கள் பதிலை அழித்தார்கள். சிலர் கடைசிவரை திரும்பிப் பார்க்கவே இல்லை.

இதைப் படிக்கிற உங்களில் பலர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் அந்த அறைக்கு வந்து, அக்கா கையால் ஊசி போட்டுக்கொண்டவர்கள். அல்லது வெளியே பெஞ்சில் காத்திருந்த அவர்கள் வீட்டார். இரத்தத்தை உடம்புக்கு வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பும் அந்த நாலு மணி நேரத்தில் அவர் உங்களிடம் எப்படிப் பேசினார் என்பது உங்களுக்கே தெரியும். அவர் எப்படிப் படித்தார் என்பதை அறிந்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் எங்களோடு வேலை பார்க்கும் முத்துலட்சுமி அக்கா. இன்னொருத்தி நான். நான் பேசத் தயங்குகிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் அங்கே சேர்ந்த புதிதில் புது இயந்திரங்கள் வந்து இறங்கின. அவற்றைக் கற்றுக்கொடுக்க யாரும் நேரில் வரவில்லை. ஆளுக்கொரு லாகின் கொடுத்து, வீடியோக்களைப் பார்த்துத் தேர்வு எழுதச் சொன்னார்கள். எல்லாப் பிரிவிலும் எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள். போனில் வீடியோவை ஓடவிட்டு, சத்தத்தை நிறுத்தி, பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வேறு வேலை பார்த்தார்கள். வீடியோ தானாக ஓடி முடிந்துவிடும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அக்கா என் பாக்கெட்டில் மினுக்கிய வெளிச்சத்தைப் பார்த்துவிட்டார்.

“என்ன புள்ள, பைக்குள்ள போட்டா பைதான் படிக்கும். இங்கிட்டு வா” என்றார்.

தன் போனை மேசையில் இருந்த மருந்து டப்பா மேல் சாய்த்து வைத்தார். முத்துலட்சுமி அக்காவையும் கூப்பிட்டார். மூன்று பேரும் ஒரே போனில் பார்த்தோம். ஒருத்தி மாற்றி ஒருத்தி எழுந்துபோய் நோயாளிகளின் இயந்திரத்தைக் கவனித்துவிட்டு வருவோம். ஆளுக்கொரு போன் இருக்கும்போது எதற்கு இந்த நெருக்கடி என்று கேட்டேன்.

“தனியாப் பாத்தா தூக்கம் வரும். மூணு பேரு பாத்தா சண்டை வரும். சண்டை போட்டது மறக்காது” என்றார்.

சண்டை வரத்தான் செய்தது. நான் கீழே ஓடும் ஆங்கில வரியைத் தமிழில் சொல்வேன். அக்கா வீடியோவை நிறுத்துவார். “இப்ப என்ன சொன்னான்? முத்து, நீ சொல்லு.” முத்துலட்சுமி அக்கா ஒன்றைச் சொல்வார், அது தப்பாக இருக்கும், ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டார். மூவரும் எழுந்து இயந்திரத்திடம் போய் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவோம். சில நாள் சின்ன வீடியோ ஒன்றைப் பார்த்து முடிக்க மதியம் முழுதும் ஆகிவிடும். கீரமங்கலத்திலிருந்து வரும் பூக்கடை அண்ணன் படுக்கையிலிருந்தே குரல் கொடுப்பார்.

“ஏம்மா, என் ரத்தத்தப் பூராம் வெளிய எடுத்துவிட்டுட்டு அங்கிட்டு ஒக்காந்து படமா பாக்குறீக?”

“ஆமாண்ணே, ஒங்க படந்தான். எடவேளை விட்டதும் வாரோம்” என்பார் ஜெசிந்தா அக்கா.

மாதம் ஒருமுறை நேரலை வகுப்பு நடக்கும். சென்னையிலிருந்து ஒருவர் பேசுவார். பல ஊர்க் கிளைகளில் இருந்து சேர்ந்திருப்பார்கள். எல்லோரும் மைக்கை அணைத்துவிட்டு இருப்பார்கள். கடைசியில் “எனி டவுட்ஸ்?” என்று அவர் கேட்டதும் ‘தேங்க் யூ சார்’ என்று வரிசையாக எழுத்தில் வந்து விழும். அக்கா ஒருவர்தான் மைக்கைத் திறப்பார். அவர் கேட்ட ஒரு கேள்வி எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“சார் வணக்கம். கரண்ட் போனா மெஷினுக்குள்ள இருக்குற ரத்தத்தக் கையால சுத்தித் திருப்பி அனுப்பணும்னு நாலாவது வீடியோல வருது. அந்தக் கைப்பிடி எங்க சார் இருக்கு? நாங்க தேடிட்டோம், கெடைக்கல.”

“மேடம், மெஷின்ல பேட்டரி இருக்கு.”

“பேட்டரியும் நின்னுட்டா சார்?”

“அந்த மாதிரி சிச்சுவேஷன் வராது மேடம்.”

“வராதுன்னா எதுக்கு சார் வீடியோல போட்டாங்க?”

சிரிக்கும் பொம்மைகள் திரை முழுக்க மிதந்தன. ஏதோ ஒரு கிளையில் மைக்கை அணைக்க மறந்திருந்த ஒருவர், “இந்தம்மா நம்மளச் சாப்பிட விடாது போலருக்கே” என்றது எல்லோருக்கும் கேட்டது. வகுப்பெடுத்த சென்னைக்காரர் “நெக்ஸ்ட்” என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது, ஏதோ நானே அவமானப்பட்டதுபோல. அக்கா போனை வைத்துவிட்டு எழுந்தார். “சிரிச்சவங்களுக்கு மட்டும் அது எங்க இருக்குன்னு தெரியுமாக்கும். வாங்க, தேடுவோம்.”

இயந்திரத்தின் முதுகுப்புறத்தில் இருந்தது அது. தொழிற்சாலையில் சுற்றிய பிளாஸ்டிக்கோடும் டேப்போடும் அப்படியே ஒட்டிக்கிடந்தது. எங்கள் அறையில் இருந்த எல்லா இயந்திரத்திலும் அப்படியேதான் இருந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்தோம். நோயாளி இல்லாத நேரத்தில் குழாயில் உப்புத் தண்ணீரை விட்டு, எங்கள் இருவரையும் சுற்ற வைத்தார். வேகமாகச் சுற்றினால் ஆகாது, மெதுவாகவும் ஆகாது. கை கடுத்தது. “வலிக்குதா? வலிக்கட்டும். கண்ணால பாத்தது ராத்திரியே போயிரும், கை வலிச்சது போகாது” என்றார்.

அவர் பயந்தது நடந்தது, நாங்கள் கையால் சுற்றி ஒரு உயிரைக் காப்பாற்றினோம் என்று எழுத முடிந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. மின்சாரம் போகும், ஜெனரேட்டர் ஓடும், அவ்வளவுதான். ஆகவே அவர் கேட்டது தேவையில்லாத கேள்வியாகவே அங்கே நின்றுவிட்டது.

அந்த ஆண்டு டயாலிசிஸ் பிரிவுக்கு ஒரு இன்சார்ஜை நியமிக்கப் போவதாகச் சொன்னார்கள். அக்கா ஒப்பந்த அடிப்படையில் பல ஆண்டுகளாக வேலை பார்த்தவர். இன்சார்ஜ் ஆனால் வேலை நிரந்தரம், இரவு டூட்டி கிடையாது. ஆவூர்ப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர் அவர். மகள் ப்ளஸ் டூ. கணவர் வெளிநாட்டில். மகளைத் தனியாக விட்டுவிட்டு இரவு டூட்டிக்கு வரும் நாட்களில் அவர் போனை எடுத்து எடுத்துப் பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன். “இது மட்டும் கெடைச்சிருச்சுன்னா தேனு, ராத்திரிச் சோத்த எம்மக மொகத்தப் பாத்துத் திம்பேன்” என்று ஒரு முறை என்னிடம் சொன்னார். அவருக்கு அந்த வேலையிடமிருந்து வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

பயிற்சி அறிக்கையைப் பார்த்துத்தான் ஆளை முடிவு செய்வதாக இருந்தது. அறிக்கையில் அக்காவின் பெயர் சிவப்பாக இருந்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் அவர் எடுத்துக்கொண்ட நேரம் மற்றவர்களைவிடப் பல மடங்கு. நிறுத்தியது, பின்னால் தள்ளிப் பார்த்தது, மதியம் முழுக்கத் திறந்து வைத்தது எல்லாம் அவர் கணக்கில் தாமதமாக ஏறியிருந்தது. நேரலையில் அதிகம் சந்தேகம் கேட்டவர் என்றும் குறிப்பு இருந்தது. ‘கற்கும் வேகம் குறைவு. மறுபயிற்சி தேவை.’ என் பெயரும் முத்துலட்சுமி அக்கா பெயரும் பச்சையாக இருந்தன. நாங்கள் அவர் போனில் கற்றோம். எங்கள் போன்கள் எங்கள் லாகினில், பாக்கெட்டிலேயே குறித்த நேரத்துக்குள் ஓடி முடிந்தன. தேர்வில் சரியாக எழுதினோம்.

நாங்கள் இருவரும் ஹெச்.ஆர். சாரிடம் போனோம். அக்காவும் பின்னாலேயே வந்துவிட்டார். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனதை நான் சொல்லத் தொடங்கினேன். “சார், நாங்க மூணு பேரும் அக்கா போன்லதான் பாத்தோம். அதனாலதான்…”

அவர் நிமிர்ந்தார். “அப்ப நீங்க ரெண்டு பேரும் உங்க லாகின்ல பாக்கலையா? பாக்காமலே கம்ப்ளீட்டடுன்னு காட்டுதா?”

முத்துலட்சுமி அக்கா என் கையைப் பிடித்தார். ஜெசிந்தா அக்கா முன்னால் வந்தார்.

“இல்ல சார், அதுக ஒழுங்காப் பாத்துச்சுக. எனக்குத்தான் மண்டையில ஏற நேரமாகும்.”

“அதைத்தான்மா ரிப்போர்ட்டும் சொல்லுது” என்றார் அவர். வெற்றி பெற்றவர்போல அல்ல, சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

அக்கா மறுபயிற்சியை வீட்டில் செய்தார். அடுத்த வாரமே முடித்துவிட்டார். மதிப்பெண் பலகையில் ‘மிகச் சிறப்பு’ என்று வந்து, அவர் பெயரும் பச்சை வரிசையில் முதலாவதாக ஏறியது. சான்றிதழையும் அனுப்பினார்கள். நான் சந்தோஷமாகக் கைகொடுத்தேன். அவர் சிரிக்கவில்லை.

“டபுள் ஸ்பீடுல வச்சு, சத்தத்த அமத்திட்டு, அடுப்படியில சாத்திட்டுக் கொழம்பு வச்சேன் புள்ள. ஒரு வரி பாக்கல. இத்தன வருசத்துல நான் ஒண்ணுமே படிக்காம பாசானது இதுதான்.”

இன்சார்ஜ் ஆணை வருவதற்குள் அவர் போய்விட்டார். தலைக்குள் இரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். டூட்டி முடித்துப் போய் வீட்டில் மறுபயிற்சியும் செய்ததற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று எங்கள் டாக்டரிடம் கேட்டேன். “அப்படிச் சொல்ல முடியாதும்மா” என்றார். நானும் சொல்லவில்லை.

அடக்கத்துக்கு நிர்வாகத்திலிருந்து மாலையோடு அந்தச் சான்றிதழையும் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார்கள். பெட்டியின் தலைமாட்டில் சாத்தி வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். பூக்கடை அண்ணன் ஊசி ஏறிப் புடைத்த கையோடு ஒரு கூடை சம்பங்கி கொண்டுவந்திருந்தார். “கரண்ட் போனா என்ன ஆகும்னு எனக்காக ஒரு ஆளு கேட்டுச்சும்மா. அதத்தான் கிறுக்குன்னு சிரிச்சாங்ய” என்று என்னிடம் சொல்லிவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டார். அக்காவின் மகள் அந்தச் சட்டத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: “அக்கா, இது அம்மா கொழம்பு வச்சுக்கிட்டே வாங்குனதுதானே?”

பச்சை வரிசையில் அக்காவுக்கு அடுத்து இருந்த பெயர் என்னுடையது. இன்சார்ஜ் ஆணை எனக்கு வந்தது. எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டையில் அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வேண்டாம் என்று சொல்லும் நிலையில் வீடு இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

பிரிவில் யாருடைய பயிற்சி தாமதமானாலும் காரணம் எழுதி அனுப்புவது இப்போது என் வேலை. இந்த மாதம் முத்துலட்சுமி அக்காவின் பெயர் சிவப்பில் வந்திருக்கிறது. தன் போனை மருந்து டப்பாவில் சாய்த்து வைத்து, தன் லாகினில், நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார் அவர். “ஒன்னைய மாட்டிவிட்டுட்டேனாடி?” என்று கேட்டார். இல்லை என்றேன். காரணம் என்ற இடத்தில், ‘பாடத்தை நிறுத்தி, இயந்திரத்தில் செய்து பார்த்துக் கற்கிறார். மற்றவர்களும் இப்படிக் கற்பது நல்லது’ என்று எழுதினேன். ஹெச்.ஆர். சார் போன் செய்தார்.

“என்னம்மா, லேட்டுக்குக் காரணம் கேட்டா பாராட்டு எழுதி அனுப்பியிருக்க?”

“அதான் சார் காரணம்.”

“மாத்தி அனுப்பு” என்று வைத்துவிட்டார்.

ஜெசிந்தா அக்காவின் நிதானம் எனக்கு மிஞ்சியிருக்கிறது என்று எழுதத்தான் ஆசை. எனக்கு அது வரவில்லை. போன் அடித்தால் இப்போதும் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன். எனக்கு அவரிடமிருந்து மிஞ்சியது, சிவப்பில் ஒரு பெயரைப் பார்த்தால் அந்த ஆள் அவ்வளவு நேரமும் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்கும் பழக்கம். அவரைப் பற்றி யாரும் அதைக் கேட்கவில்லை. குறிப்பை மாற்றி அனுப்பச் சொல்லி இன்று காலை மறுபடியும் நினைவூட்டல் வந்தது. நான் எழுதியது எழுதியபடியே இருக்கிறது.