கினாகோவுக்கும் ஒரு பங்கு

யமகதா நகரத்துப் பள்ளி உணவுக்கூடத்தில் ஷிகெகிக்கு ஒரே வேலைதான். மூவாயிரம் பிள்ளைகளில் எந்தப் பிள்ளைக்கு எது ஆகாதோ, அது அந்தப் பிள்ளையின் தட்டுக்குப் போய்விடாமல் பார்க்க வேண்டும். தட்டுக்கு நேராக விரலை நீட்டி, "முட்டை இல்ல, சரி! பால் இல்ல, சரி!" என்று உரக்கச் சொல்ல வேண்டும். மனதுக்குள் சொல்லிக்கொண்டால் செல்லாது. பதினெட்டு வருஷத்தில் ஒரு தட்டுகூட மாறியதில்லை. கல்யாண விருந்திலும் மனுஷர் சூப்பைப் பார்த்து விரலை நீட்டுவார் என்று கூட வேலை செய்பவர்கள் கேலி பேசுவார்கள்.

ஒன்றரை வருஷத்துக்கு முன் மனைவி தொமோயோ விவாகரத்துக் காகிதத்தில் கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் முத்திரையைக் குத்தினாள். மகள் நசுனாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு ஷிகெகிக்கு அழுகை வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. எழுந்தார், வேலைக்குப் போனார், வந்தார், படுத்தார். கால் மரத்துப்போனவன் நடக்கிற மாதிரி, தரை மிதிபடுவது தெரியாமலே நாட்களைக் கடத்தினார்.

தொமோயோ குடிபோன வீட்டில் பிராணி வளர்க்கக் கூடாது. அதனால் நசுனாவின் ஹாம்ஸ்டர் அப்பாவிடமே தங்கிவிட்டது. வறுத்த சோயா மாவின் நிறம் என்பதால் அந்த மாவின் பெயரையே வைத்து அதைக் கினாகோ என்று கூப்பிட்டார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு மணிக்கு நசுனா வருவாள். ஐந்து மணிக்குப் போய்விடுவாள். கினாகோவைப் பார்க்க வருகிறாள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஷிகெகியும் அப்படியே எடுத்துக்கொண்டார். கினாகோ உயிரோடு இருக்கிறவரை மகள் வருவாள். அதன் ஆயுளோ இரண்டு வருஷம், மிஞ்சினால் மூன்று.

ஆகவே அதை அவர் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டார். குளிர்பெட்டிக் கதவில் நசுனா ஒரு தாள் ஒட்டியிருந்தாள். வெங்காயம், பூண்டு, ஆரஞ்சு, சாக்லேட், பச்சை உருளைக்கிழங்கு, ஆப்பிள் விதை எல்லாம் கூடாது. ப்ரோக்கோலி, கேரட், பூசணி விதை, வெந்த முட்டையின் வெள்ளை, உப்பில்லாத சோறு எல்லாம் சரி, ஆனால் கொஞ்சமாக. சூரியகாந்தி விதை நாளைக்கு இரண்டே இரண்டு. சாயங்காலம் கூண்டுக்கு முன் நின்று, "வெங்காயம் இல்ல, சரி!" என்று விரலை நீட்டுவார். ஹாம்ஸ்டர் அந்த விரலை முகர்ந்து பார்க்கும். வந்த ஞாயிறுகளில் அப்பாவும் மகளும் பேசியதும் இதைத்தான். அது என்ன தின்றது, எவ்வளவு மிச்சம் வைத்தது, அவ்வளவே.

ஜனவரி பதினொன்று. புத்தாண்டுக்குச் சாமிக்கு வைத்த மோச்சியை இறக்கி, சுத்தியலால் உடைத்து, வீட்டில் இருக்கிற எல்லோரும் தின்கிற நாள். அரிசியை இடித்து உருட்டிய அந்தப் பண்டம் பத்து நாளில் கல்லாகியிருந்தது. ஷிகெகி உடைத்தார், வேகவைத்தார். இனிப்புப் பயற்றங்கஞ்சியில் போடுவதற்கு முன், ஒரு நெல் அளவு கிள்ளிக் கினாகோவுக்குக் கொடுத்தார். வீட்டில் ஒரு உயிரை விட்டுவிட்டுத் தின்றால் வருஷம் விளங்காது என்பார்கள். மோச்சியும் அரிசிதானே, அரிசி சரி என்றுதானே தாளில் இருக்கிறது. விரலை நீட்டி, "உப்பு இல்ல, சர்க்கரை இல்ல, சரி!" என்றுகூடச் சொன்னார்.

மறுநாள் காலையில் அதன் ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. வாயைத் திறக்க முடியாமல் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"மோச்சி குடுத்தீங்களா?" என்றார் பிராணி மருத்துவர்.

"அரிசிதானே டாக்டர்."

"அரிசியில தப்பில்ல. அந்தப் பசையிலதான் தப்பு. இதுங்க எதையும் உடனே முழுங்காது, கன்னத்துப் பையில அடக்கி வைக்கும். அங்கயே ஒட்டிக்கிச்சு."

மத்தியானத்துக்குள் கினாகோ செத்துப்போனது. ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். அதை வைத்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தார். அப்போதும் அழுகை வரவில்லை.

தொமோயோவுக்குப் போன் போட்டார். "கினாகோ செத்துப்போச்சு. நான்தான் மோச்சி குடுத்தேன்."

"நீங்களா? ஊரான் வீட்டுப் பிள்ளை தட்டையெல்லாம் விரல் நீட்டிப் பார்க்கிற ஆளா?"

"ஆமா, நான்தான்."

பிறகு அவளே திரும்பக் கூப்பிட்டு, "அவகிட்ட சொல்லிட்டேன். உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா" என்றாள்.

"அடுத்த மாசம் வருவாளா?"

"இனிமே எதைப் பார்க்க வரச் சொல்றீங்க?"

அவள் குத்திப் பேசவில்லை, நிஜமாகவே கேட்டாள்.

பிப்ரவரி முதல் ஞாயிறு இடுப்பளவு பனி. வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டேதான் இரண்டு பேருக்குக் குழம்பு வைத்தார். இரண்டு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. நசுனா உள்ளே வந்து, கூண்டு இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எதுக்குப்பா குடுத்தே?"

"வீட்ல இருக்கிற எல்லாரும் சாப்பிடணும்ல. வீட்ல என்னைத் தவிர அதுதான் இருந்துச்சு."

அவள் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். அவள் காளான்களை ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள்.

"வேகலயா?"

"காளான் எனக்குப் பிடிக்காதுப்பா."

"எப்பலேர்ந்து?"

"எப்பவுமே."

மகளுக்கு வயது பத்து. மூவாயிரம் பிள்ளைகளின் தட்டும் தெரியும், ஹாம்ஸ்டருக்கு ஆகாத விதைகூடத் தெரியும், இது தெரியவில்லை. ஷிகெகிக்கு நெஞ்சில் சுரீரென்று வலித்தது. ஒன்றரை வருஷத்தில் முதன்முதலாக வலித்தது.

"வேற என்னெல்லாம் பிடிக்காது?"

"நிறைய இருக்கு."

"பரவாயில்ல, சொல்லு."

அவள் விரல் மடக்கிச் சொல்ல ஆரம்பித்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருந்தது. ஐந்து மணிக்குத் தொமோயோ கீழே ஹாரன் அடித்தபோதும் பிடிக்காதவையே முடிந்திருக்கவில்லை. பிடித்தவற்றை அடுத்த மாதம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, நசுனா பூட்ஸை மாட்டிக்கொண்டாள்.