கழற்றாத காசு

கெட்சர் துறைமுகம், டென்மார்க், 1985. ஜெர்மனியிலிருந்து வந்த கப்பலால் அகதிகளாக இறங்கிய அக்காவையும் என்னையும் சுங்க அறையில் இருத்தி வைத்திருக்கிறார்கள். அக்காவின் தாலிக்கொடியில் தொங்கும் தங்கக் காசில் அதிகாரியின் கண் விழுந்துவிட்டது. மன்னாரில் மாமி வீட்டுக் கிணறு வெட்டும்போது கிடைத்த காசு அது. பழம்பொருள் கடத்துகிறோம் என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயப்படுகிறேன்.

"கழற்றித் தரச் சொல்லுங்கள்" என்கிறார் அவர் ஆங்கிலத்தில்.

அக்கா கொடியை இறுக்கிப் பிடிக்கிறாள். "அவர் இருக்கேக்கை நான் ஏன் கழட்டவேணும்?"

அத்தானை இராணுவம் பிடித்துக்கொண்டு போய் ஐந்து மாதம். ஒரு தகவலும் இல்லை.

கணவன் உயிரோடிருக்கும்வரை எங்கள் பெண்கள் இதைக் கழற்றுவதில்லை என்று விளக்குகிறேன். அதிகாரி எழுந்து வந்து, பூதக்கண்ணாடியோடு அவள் முன் குனிகிறார்.

"செட்டை இருக்கு, கையிலை சிலுவை இருக்கு. மிக்கேல் சம்மனசு எண்டு சொல்லு" என்கிறாள் அக்கா, காசிலுள்ள சிறகு முளைத்த உருவத்தைக் காட்டி.

"தேவதூதர் இல்லை" என்கிறார் அதிகாரி. "பைசாந்தியக் காசு. பேரரசர்களின் வெற்றி என்று இலத்தீனில் எழுதியிருக்கிறது."

நான் சொன்னதும் அக்காவுக்குக் கோபம் வருகிறது. "ஆரோ ராசாக்களின்ரை வெற்றி. எங்களுக்கென்ன?"

அவர் மேசைக்குத் திரும்பி, படிவத்தில் திருமண நகை என்று எழுதுகிறார். பழம்பொருள் என்று எழுதவில்லை. பேனை அடுத்த கோட்டில் நிற்கிறது.

"கணவர் இப்போது எங்கே?"

நான் அக்காவைப் பார்க்கிறேன். காசு அவள் கைக்குள் மறைந்திருக்கிறது.

"இருக்கிறார் எண்டு எழுதச் சொல்லு."