கால் சுத்து

காருக்கு அடியில் விரித்து வைத்த அட்டையை இழுத்துப் பார்ப்பதுதான் அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் காலையில் முதல் வேலை. பல் விளக்குவதுகூட அப்புறம்தான். ஞாயிற்றுக்கிழமை நான் இழுத்தேன். எண்ணெய் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பரவியிருந்தது, முந்தின நாளைவிடப் பெரிசாக. திட்டுவதற்குக்கூட எனக்குத் தெம்பு இல்லை. வாரம் பூராவும் சலவைக்கடையில் நின்ற காலோடு நின்று இஸ்திரி போட்டுவிட்டு, லீவு நாளில் ஒரு காருக்கு ஆயா வேலை பார்க்க வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது போல.

"எவ்வளவு?" என்று உள்ளேயிருந்து கேட்டார் என் கணவர்.

"வந்து பாருங்க. நான் சொன்னா, கூட்டிச் சொல்றேம்பீங்க."

அவர் பிளம்பர். தெருவில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது. 'கால்சுத்து' என்றால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். எந்தக் குழாயை மாட்டினாலும் கடைசியில் ஸ்பேனரை நிறுத்திவிட்டு, கண்ணை லேசாக மூடிக்கொண்டு, பக்கத்து அறையில் யாரோ பேசுவதை ஒட்டுக் கேட்கிறவர் மாதிரி நிற்பார். அப்புறம் ஒரு கால் சுற்று. அதற்கு மேல் தலையில் துப்பாக்கியை வைத்தாலும் திருப்ப மாட்டார். எப்படி அவ்வளவு சரியாகத் தெரிகிறது என்று யாராவது கேட்டால் ஒரே பதில்தான்: "கைக்குத் தெரியும்." அவர் மாட்டிய குழாய் ஒழுகியது என்று யாரும் வந்து நின்றதில்லை. கைராசிக்காரர் என்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டே நின்றால் சாப்பாடுகூட வேண்டியதில்லை அவருக்கு.

இந்த வருஷம் அந்தக் கைராசிக்கு யார் கண் பட்டதோ. ஒரு டீச்சர் வீட்டில் வாஷ்பேசின் மாட்டின அன்றே விரிசல் விட்டது. இன்னொரு வீட்டில் மரை போய்க் குழாய் கையோடு வந்துவிட்டது. "சாமான் சரியில்ல. இப்ப வர்றதெல்லாம் வெறும் தகரம்" என்றார். நானும் தலையாட்டினேன். தகரமோ தங்கமோ, கூப்பிட்டவர்கள் மெல்ல மெல்ல வேறு ஆளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் பகலெல்லாம் வாசலில் உட்கார்ந்து, நன்றாக இருக்கிற சாமான்களையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பழைய மேஸ்திரி ஒருவர் கூப்பிட்டார். ஊருக்கு வெளியே மாடி மாடியாக ஒரு கட்டிடம் எழும்புகிறது. அதில் குழாய் வேலை மொத்தமும் இவருக்கு. திங்கட்கிழமை காலை சாமான்களோடு வந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் பஸ் போகாது. ஆகவே எல்லாம் அந்தக் கிழட்டுக் காரில் வந்து நின்றது.

காருக்கு முதலில் சின்னக் கோளாறுதான். எஞ்சினுக்கு மேலே ஒரு மூடி இருக்கிறது. மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு ரப்பர் பேக்கிங். அது பழசாகிக் காய்ந்து, எண்ணெய் கசிந்தது. மாற்றினால் சரியாகிவிடும் என்றார் முக்குக் கடை மெக்கானிக். "குழாயில தண்ணி, இதுல எண்ணெய். வேற என்ன வித்தியாசம்?" என்று சொல்லி, பேக்கிங்கை வாங்கிவந்து போன ஞாயிற்றுக்கிழமை இவரே மாற்றினார். மாற்றி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையில், எஞ்சினைக் கண்டுபிடித்ததே அவர்தான் போலிருந்தது. முன்பு கசிந்துகொண்டிருந்தது மறுநாளிலிருந்து ஒழுக ஆரம்பித்தது.

வாரம் முழுக்க இறுக்கினார். வேலையில்லாத மனுஷனுக்கு ஒரு ஸ்பேனரும் ஒரு கோபமும் கிடைத்தால் வேறென்ன செய்வார்? கீழே சொட்டுகிறது, எனவே கோளாறு கீழே என்று முடிவு கட்டி, எண்ணெய் வடிக்கிற போல்ட்டை இறுக்கினார். பில்டரை இறுக்கினார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று மேல் மூடியையும் மறுபடி இறுக்கினார். வண்டியைக் கிளப்பினால் கருகிய எண்ணெய் நாற்றம் தெருவைத் தூக்கியது. வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "எங்க வாசல்ல என்ன எண்ணெய்க் கிணறா தோண்டறீங்க?" என்று கேட்டார். நான் பல்லைக் காட்டிச் சமாளித்தேன். உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகுதான் எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"கூரையில ஈரம் தெரியற எடத்துல ஓட்டை இருக்காது, தண்ணி எங்கேயோ எறங்கி எங்கேயோ சொட்டும்னு ஊருக்கெல்லாம் பாடம் நடத்தறது யாரு?" என்று அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டேன்.

அவர் அட்டையையே பார்த்தார். பிறகு, "ஈரம் எங்க தொடங்குதுன்னு பாக்கணும். எல்லாத்தையும் துடைச்சிட்டு மேல வெள்ளையா எதையாவது தூவினா தெரிஞ்சிடும்" என்றார். முகம் கொஞ்சம் தெளிந்தது. வேலை தெரிந்த மனுஷன்தான், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் எஞ்சினை இடுக்கு விடாமல் துடைத்தோம். காய்ந்ததும் என் முகப் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்தேன். அவர் அதைக் கவிழ்த்துத் தட்டத் தட்ட எஞ்சின் வெள்ளைவெளேரென்று ஆனது.

"கல்யாணத்தன்னிக்குக்கூட எனக்கு இவ்வளவு பூசல" என்றேன்.

"உனக்குத் தேவைப்படல" என்றார். அவர் வாயில் எப்போதாவதுதான் இப்படி வரும். நான் கேட்காத மாதிரி துணியைப் பிழிந்தேன்.

கிளப்பினோம். பவுடர் பூசின எஞ்சின் உடம்பெல்லாம் குலுங்க ஓடியது. இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் குனிந்து நின்றோம். இடுப்பு விட்டுப்போனது. முதலில் ஒன்றுமில்லை. சூடு ஏற ஏற, பின்பக்கமாக மேல் மூடியின் விளிம்புக்குக் கீழே பவுடர் மெல்லப் பழுப்பானது. அதிலிருந்து ஒரு கோடு இறங்கியது. கீழே இருந்த பில்டரும் போல்ட்டும் வெள்ளை மாறாமல் அப்படியே இருந்தன. பாவம், ஒரு குற்றமும் செய்யாமல் வாரம் முழுக்க அடி வாங்கியிருக்கின்றன.

போனில் இருந்த டார்ச்சை அடித்துப் பார்த்தேன். விளிம்பில் புது ரப்பர் நசுங்கி, பிதுங்கி, வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது இறுக்கம் பத்தாம வர்ற லீக் இல்லங்க. இறுக்கம் தாங்காம வர்ற லீக்" என்றேன்.

"சும்மா இரு. நான் கால் சுத்துக்கு மேல போகவே இல்ல."

"ரப்பர் வெளிய வந்து நிக்குது. நானா இழுத்து விட்டேன்?"

"பின்னால எப்படி இருக்குன்னு தொட்டுப் பாத்துச் சொல்றேன்" என்று எஞ்சினுக்கும் அதன் பின்னால் இருந்த தகரச் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் கையை விட்டார். கண்ணுக்குத் தெரியாத இடம். என்னைப் பார்த்தபடியே, நான் எதைப் பார்த்தாலும் தப்பாகத்தான் பார்ப்பேன் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு வாசனை வந்தது. எண்ணெய் வாசனை இல்லை. இஸ்திரி போடுகிறவளுக்குத் துணி கருகினாலும் தெரியும், தோல் கருகினாலும் தெரியும். என் கையில் அந்தத் தழும்புகள் இருக்கின்றன. அவர் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

"என்ன?" என்றார், பேச்சைக் கெடுத்துவிட்ட கோபத்தோடு.

புகை போகிற குழாயின் மேல் இருந்திருக்கிறது கை. மூன்று விரல்களின் நுனியும் வெள்ளையாகிச் சுருங்கியிருந்தன. அவர் அந்த விரல்களைப் பார்த்தார். வேறு யாருடைய கையையோ பார்க்கிறவர் மாதிரி பார்த்தார்.

"சுடலையே" என்றார்.

எஞ்சினை அணைத்துவிட்டு, அவரை வாசல் குழாய்க்கு இழுத்துக்கொண்டு போய்க் கையைத் தண்ணீரில் காட்டச் சொன்னேன். பிள்ளை மாதிரி காட்டிக்கொண்டு நின்றார். வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்றிருந்தது எனக்கு.

"எவ்வளவு நாளா இப்படி?"

"எப்படி?"

"என்கிட்ட நடிக்காதீங்க."

"மொதல்ல நுனி மட்டும்தான் மரத்துச்சு" என்றார். "சட்டைப் பொத்தானைக் கண்ணால பாத்துப் போட்டுக்கிட்டேன். ஸ்பேனர் பிடிச்சா, பழக்கத்துல ஓட்டிடலாம்னு நெனச்சேன். எங்க நிறுத்தணும்னு..." நிறுத்திவிட்டு, கையைத் திருப்பிப் பார்த்தார். "கைக்குத் தெரியல."

அந்த டீச்சர் வீட்டு வாஷ்பேசின் கண்முன் வந்தது. மரை போன குழாய் வந்தது. ஒரு நாள் கடைக்குப் போனவர் ஒற்றைச் செருப்போடு திரும்பிவந்து, மற்றது எங்கே கழன்றது என்றே தெரியாமல் நின்றதும் வந்தது. அன்றைக்கு நான் வயிறு வலிக்கச் சிரித்தேன், அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அலமாரியில் அவருடைய சுகர் மாத்திரை அட்டை அட்டையாகப் பிரிக்காமல் கிடந்ததற்கு மட்டும்தான் நான் சண்டை போட்டிருக்கிறேன். இப்போது எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. கோபத்தில் தண்ணீரை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டேன்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவே. அவரு வேலையை விடும்பாரு. அப்புறம் நான் என்னன்னு உக்காந்திருப்பேன்?"

கையைத் துடைத்து, மருந்து போட்டு, துணி சுற்றினேன். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து மூலையில் இருந்த சாமான் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாளைக்குப் போயே தீருவேன் என்று அடம் பிடிப்பார், அதற்கு என்ன சொல்வது என்று நான் மனசுக்குள் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

"அங்க எல்லாம் செவுத்துக்குள்ள வெக்கிற பைப்பு" என்றார் திடீரென்று. "பூசி மறைச்சிட்டா முடிஞ்சுது. நாலு குடும்பம் குடிவந்த பிறகு ஒழுகினா, பவுடர் போட்டா பாக்க முடியும்?"

போனை எடுத்து இடது கையால் மேஸ்திரியைக் கூப்பிட்டார். காரைச் சாக்குச் சொல்லியிருக்கலாம். சாட்சிக்கு வாசலில் எண்ணெய் ஒழுகிக்கொண்டு நின்றது. நானே அதைத்தான் எதிர்பார்த்தேன்.

"மேஸ்திரி, நாளைக்கு நான் வரல. வேற ஆளப் பாத்துக்குங்க. கார்ல ஒண்ணும் இல்ல. கைதான் சரியில்ல."

மேஸ்திரியின் குரல் எனக்கும் கேட்டது. "அப்படியா? சரி சரி, உடம்பப் பாருங்க. அப்புறம் பாத்துக்கலாம்." கட்டிட வேலையில் 'பாத்துக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. நான் பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவினேன்.

வெயில் தாழ்ந்து, எஞ்சின் ஆறிய பிறகு அவரே வாசலுக்கு வந்தார். "டாக்டர்கிட்ட போகவாவது வண்டி வேணுமே" என்றார். "நீதான் ஓட்டணும். எனக்குப் பிரேக்குல கால் இருக்கா இல்லையான்னு அடிக்கடி குனிஞ்சு பாக்க வேண்டியிருக்கு."

செருப்பு ஞாபகம் வந்தது. இந்தத் தடவை சிரிக்கவில்லை.

எதை வாங்கினாலும் கையிருப்புக்கு இன்னொன்று வாங்குவது பிளம்பர் புத்தி. அதனால் இன்னொரு பேக்கிங் உறை பிரிக்காமல் இருந்தது. அவர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் மூடியைக் கழற்றி, நசுங்கிய ரப்பரை உரித்து, விளிம்பைத் துடைத்து, புதியதைப் பள்ளத்தில் பதித்தேன். மூடியை வைத்து போல்ட்டுகளைக் கையாலேயே திருகினேன். ஸ்பேனரை எடுத்துக்கொடுத்தவர், அதை ஒரு நொடி விடாமல் பிடித்திருந்து பிறகு விட்டார்.

"நடுவுலேர்ந்து வெளிய வா. ஒண்ணை ஒரேடியா இறுக்காத. கொஞ்சம் இறுக்கிட்டு எதிர்ல இருக்கறதுக்குப் போ."

போனேன். ஒவ்வொன்றாகச் சுற்றிவந்தேன்.

"இப்ப என்ன தெரியுது?"

"என்ன தெரியணும்?"

"கையைக் கேளு."

ஸ்பேனரைப் பிடித்தபடி நின்றேன். "மெத்துன்னு இருக்கு."

"சரி, இன்னொரு சுத்து வா."

வந்தேன். "இப்ப லேசா எதிர்க்குது."

"ம்" என்றார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, பக்கத்து அறைப் பேச்சைக் கேட்கிறவர் மாதிரி அதே பழைய சாடை. துணி சுற்றின கை மடியில் கிடந்தது.

"கால் சுத்து போடவா?" என்று கேட்டேன்.

அந்தக் கை எழுந்து ஸ்பேனர் பக்கம் பாதி தூரம் வந்தது. அப்புறம் திரும்பி மடிக்கே போய்விட்டது.

"நீதான் சொல்லணும்" என்றார்.