ஒரு கிலோ நூற்றுப் பன்னிரண்டு கிராம்

எங்கள் ஆபீசில் அவருக்கு 'கிராம் அக்கா' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. தராசுகள் சரியாக எடை காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்றிதழ் தருவது எங்கள் தொழில். மருந்துக் கம்பெனி, மாவு மில், நகைக்கடை, ஆஸ்பத்திரி என்று இருபத்திரண்டு வருஷம் அலைந்து தராசு பார்த்தவர் அக்கா. ஒரு கிராம் பிசகினாலும் கையெழுத்துப் போட மாட்டார். கடைக்காரர் குழைந்தாலும் சரி, முறைத்தாலும் சரி, "தராசு சொல்றதத்தான் எழுதுவேன்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடிவிடுவார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய இடது தோள் மக்கர் பண்ணியது. காரணம், தராசு காட்டும் எண்களைப் பதிவுசெய்யக் கம்பெனி கொடுத்த பழைய லேப்டாப். சார்ஜரோடு மூன்றரைக் கிலோ. ஒன்றரைக் கிலோவுக்கு மேல் அந்தத் தோளில் எதையும் மாட்டக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எடைக்கற்கள் வைக்கிற சக்கரப் பெட்டியில் லேப்டாப்பையும் போடலாமே என்று கேட்காதீர்கள். எஃகுக் கட்டிகளோடு சேர்ந்து உருண்டால் அதில் மூடி மட்டும்தான் மிஞ்சும். டிரைவர் தூக்கிக்கொண்டு வரலாமே என்றும் கேட்காதீர்கள். மருந்து அறைக்கும் வார்டுக்கும் உள்ளே போக ஒரு ஆளுக்குத்தான் அனுமதி.

ஆக, அக்கா என் எதிர் மேசைக்கு வந்து சேர்ந்தார். மற்றவர்கள் அனுப்புகிற எண்களைச் சரிபார்த்துச் சான்றிதழ் அச்சடிக்கிற வேலை. நான் அதை ஒன்பது வருஷமாகச் செய்கிறேன், எனக்கு ஒரு குறையும் இல்லை. அக்காவுக்குத்தான் ஒட்டவே இல்லை. காலை எட்டரைக்கு வேன் கிளம்புகிற சத்தம் கேட்டதும் கண் ஜன்னலுக்குப் போய்விடும். கொஞ்ச நேரம் கழித்து, "இந்நேரம் மில்லுக்குப் போற வழியில அந்த இறக்கம் வந்திருக்கும்ல?" என்பார். எனக்கு எந்த இறக்கம் தெரியும்? ஆமாம் என்று தலையாட்டி வைப்பேன்.

போன மாதம் மேனேஜர் ஒரு மெலிசான லேப்டாப்பைக் கொண்டுவந்து அக்காவின் மேசையில் வைத்தார். விற்கிறவர்கள் சோதித்துப் பார்க்கக் கொடுத்தது.

"ஒரு வாரம் வெளிய எடுத்துட்டுப் போய்ப் பாருங்கம்மா. நிறை ஒரு பக்கம், குறை ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. சரியா இருந்தா ஆறு வாங்கிடலாம். நீங்களும் பழையபடி வெளிய போகலாம்."

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனாலும் முதல் காரியமாக அதைச் சோதனைத் தராசில் வைத்தார். பெட்டியில் ஒரு கிலோ தொண்ணூறு கிராம் என்று அச்சிட்டிருந்தது. தராசு ஒரு கிலோ நூற்றுப் பன்னிரண்டு காட்டியது. குறைகள் பக்கத்தில் முதல் வரி விழுந்தது: 'எடையில் இருபத்திரண்டு கிராம் பொய்.'

"அக்கா, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். வந்த அன்னிக்கே அதுகூட சண்டை போடாதீங்க" என்றேன்.

"சண்டையா? எடைதான பாத்தேன்" என்றார்.

அந்த வாரம் முழுக்க அக்கா வேறு ஆள். சாயங்காலம் தலையில் மாவோடு வந்து நிற்பார். நிறைகள் பக்கம் மளமளவென்று நிரம்பியது. தோளில் மாட்டியதே தெரியவில்லை. காலையில் ஏற்றிய சார்ஜ் நாலரை வரைக்கும் வருகிறது. ஜன்னலோரம் வெயிலில் வைத்தாலும் திரையில் எழுத்து தெரிகிறது. திறந்த உடனே வேலைக்குத் தயார். பழையது விழித்துக்கொள்வதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். குறைகளையும் விடவில்லை. மடியில் வைத்தால் சுடுகிறது. ஒலி கொசு முனகுகிற மாதிரி. மெமரி போதவில்லை என்றால் பின்னால் கூட்ட முடியாது. கேபிள் செருக இரண்டே ஓட்டை, அதுவும் சின்ன ஓட்டை. இதெல்லாம் பெரிய விஷயமா? யார் எழுதினாலும் இதைத்தான் எழுதுவார்கள். லேப்டாப் வந்துவிடும், எதிர் மேசை காலியாகிவிடும் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

ஐந்தாம் நாள் பிரசவ வார்டு. பிறந்த குழந்தைகளை எடை பார்க்கிற தராசு. மூன்று கிலோ கல்லை ஐந்து தடவை வைத்து எடுக்க வேண்டும். ஐந்து தடவையும் தராசு ஒரே எடை காட்டுகிறதா என்று பார்க்கிற சோதனை அது. தராசிலிருந்து கேபிள் வழியாக எண் லேப்டாப்புக்கு வந்துவிடும். லேப்டாப்பில் ஐந்து தடவையும் அச்சுக் குத்தினாற்போல் மூன்று கிலோ. நானாக இருந்தால் அப்போதே கையெழுத்துப் போட்டிருப்பேன். அக்காவுக்கு அங்கேதான் மூக்கு வியர்த்தது. அந்தத் தராசு அவருக்குப் பன்னிரண்டு வருஷப் பழக்கம். ஒருநாளும் அது அவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டதில்லை. நிமிர்ந்து தராசின் முகப்பைப் பார்த்தார். இரண்டு கிலோ தொள்ளாயிரத்து அறுபது.

நடந்தது இதுதான். பழைய லேப்டாப்பில் தராசுக் கேபிளை இரண்டு பக்கமும் திருகி இறுக்கலாம். புதியதற்கு நடுவில் ஒரு இணைப்பான் வேண்டும், அதைச் சின்ன ஓட்டையில் சும்மா செருகுவதுதான். கை பட்டு அது முடியளவு நழுவியிருக்கிறது. திரை முதல் எண்ணையே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது.

சாயங்காலம் அக்கா ஆபீசுக்கு வந்து இதைச் சொன்னதும், "இத எழுத வேணாம்க்கா" என்றேன். எனக்கே தெரியாமல் குரல் தாழ்ந்துவிட்டது. "நீங்கதான் கண்டுபிடிச்சிட்டீங்கல்ல. இனிமே கவனமா இருந்தா போச்சு."

"நான் இருப்பேன்டா. அந்தத் தராசு கொணம் எனக்குத் தெரியும். மத்த அஞ்சு பேருக்குத் தெரியுமா?" கொஞ்ச நேரம் லேப்டாப்பின் மூடியைத் தடவிக்கொண்டே இருந்தார். "நாப்பது கிராம் ஏறிடுச்சுன்னுதான் புள்ளைய வீட்டுக்கு அனுப்புறாங்க."

எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் இந்த மாதிரி கேபிளைத் திருகி மாட்டுகிற பழைய தராசுதான் வைத்திருக்கிறார்கள். அக்கா அதையும் சேர்த்தே எழுதினார்.

மறுநாள் மேனேஜர் அந்தத் தாளை வரி வரியாகப் படித்தார். பிரசவ வார்டு வரியில் நின்று, "நல்ல வேளை" என்றார். "ஆறும் வாங்கியிருந்தா மாட்டியிருப்போம். திருப்பி அனுப்பிடலாம்." பிறகு குறைகள் பக்கத்தின் கடைசி வரிக்கு வந்தார். புருவம் சுருங்கியது. அந்த வரி எனக்கும் அப்போதுதான் தெரியும்.

'இதைத் திருப்பிக் கொடுத்தால் நான் வெளியே போக முடியாது. எனக்குப் போக வேண்டும்.'

"இது லேப்டாப்போட குறை இல்லையேம்மா" என்றார். கோபமெல்லாம் இல்லை. நல்ல மனிதர்தான்.

"இல்லதான் சார்" என்றார் அக்கா.

மேனேஜர் அடிக்கோலை வைத்து அந்த வரியை நேராக அடித்தார். எங்கள் தொழிலில் எழுதியதைக் கிறுக்கி மறைக்கக் கூடாது. ஒரே கோடு, எழுத்து கீழே தெரிய வேண்டும், அடித்ததற்குச் சம்மதம் என்று எழுதியவரே பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தாளைத் திருப்பி அக்காவின் பக்கம் நகர்த்தினார். எனக்கு அந்தத் தாளைப் பிடுங்கிக் கிழித்துப் போட வேண்டும் போலிருந்தது. உட்கார்ந்தேதான் இருந்தேன்.

அக்கா கோட்டின் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து, தேதியையும் எழுதினார்.