பிழைத்த குழந்தையும் கலைந்த கூட்டமும்

ஆம்பூருக்கு வெளியே, தோல் பதனிடும் ஷாப்புகளை ஒட்டியிருந்த ஒரு சேரியில் பெண்களுக்கு வேதம் சொல்லும் பைபிள் அம்மாவாக நான் வேலை பார்த்தேன். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்த என்னை மிஷனில் படிக்கவைத்து அந்த வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். சேரி ஆண்கள் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலுக்கு மயிர் வழிப்பார்கள். பெண்கள் ஆவாரம்பட்டை இடிப்பார்கள். வேலை விட்டதும் தலையெல்லாம் பட்டைத்தூளாக ஏழெட்டுப் பெண்கள் வேப்பமரத்தடிக்கு வருவார்கள். இயேசுவின் கதை சொல்வேன், பாட்டு, கொஞ்சம் எழுத்து.

அவர்களில் ஒருத்தி மட்டும் கதை முடிந்த பிறகும் போகமாட்டாள். குழிவேலைக்காரன் ஒருவனின் மனைவி. இடுப்பில் எப்போதும் ஒரு பெண்குழந்தை. முதலில் எழுத்துக் கூட்டினாள், பிறகு சுவிசேஷத்தைத் தானே வாசித்தாள். ஞானஸ்நானம் வேண்டும் என்று அவளாகத்தான் கேட்டாள். புருஷனும் யோசித்துச் சம்மதித்தான். அவள் முன்னால் போனால் இன்னும் இரண்டு குடும்பம் வரும் என்று பேச்சிருந்தது. ஞானஸ்நானம் கொடுக்கப் பாதிரி ஐயர் வருவதற்கு நாள் குறித்தாயிற்று. அந்த நாட்களில் நான் தரையில் நடக்கவில்லை.

ஐயர் வரவேண்டிய வாரத்தில் குழந்தைக்கு அம்மை வார்த்தது. நான் போனபோது வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. மாமியார் குறுக்கே நின்று, வெளியாள் வரக்கூடாது என்றாள். ஆத்தாளை விட்டுப் போகப் பார்த்ததால்தான் ஆத்தாள் வீட்டுக்கே வந்துவிட்டாள் என்று தெரு முழுக்கப் பேச்சு. உள்ளே குழந்தை அனத்துவது கேட்டது. அவள் என்னைப் பார்க்க வெளியே வரவில்லை.

தினமும் போய், தெருமுனையில் நின்று, திரும்பி வந்தேன். குழந்தையைக் காப்பாற்று, உன் பெயருக்காகவாவது காப்பாற்று என்று ஆண்டவரிடம் மன்றாடினேன். அதே நேரம் அவள் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

குழந்தை பிழைத்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, அவள் மஞ்சள் புடவை கட்டி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பம்பைச் சத்தத்தோடு கோயிலுக்குப் போனாள். நான் வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். என் முன்னால்தான் போனார்கள். அவள் தலை நிமிரவில்லை. அம்மைத் தழும்போடு குழந்தை மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தது.

அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். நான் கேட்டதைக் கடவுள் கொடுத்துவிட்டார். கொடுத்த பேர் அம்மனுக்குப் போய்விட்டது. இதற்கு நன்றி சொல்வதா, சண்டை போடுவதா? குழந்தை பிழைத்ததற்கு முழு மனதாகச் சந்தோஷப்பட முடியவில்லையே என்பது இன்னொரு வேதனையாக இருந்தது.

மற்றப் பெண்களும் வருவதை நிறுத்தினார்கள். ஐயர் வராமலே இருந்துவிட்டார். மிஷன் பங்களாவின் துரைசானி அம்மாள் என்னைக் கூப்பிட்டு, அணைக்கட்டுப் பக்கம் ஒரு கிராமத்தார் ஆள் கேட்கிறார்கள், அங்கே போ என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழைக்காலம் முடியும்வரை பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்டார். விட்டுப் போக மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

மழைக்காலம் முழுக்க அந்த மரத்தடிக்குப் போனேன். பெண்கள் பட்டைக்கூடையோடு கடந்து போவார்கள். சில நாள் ஜெபிக்கக்கூட வார்த்தை வராது, சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்து வருவேன்.

மழை விட்ட பிறகு ஒருநாள் அவளே என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். குழந்தைக்கு ஒரு கண் மங்கிக்கொண்டே போகிறதாம். வேலூர் ஆஸ்பத்திரிக்குத் துணை வரமுடியுமா என்று கேட்டாள். மறுநாளே ரயிலேறினோம். வழியெல்லாம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தவள், குடியாத்தம் தாண்டியதும் பேசினாள்.

"நீங்களும் வேண்டிக்கினீங்கன்னு எனக்குத் தெரியும்மா. தெனம் தெருக்கோடியில நின்னத கதவு சந்து வழியா பாத்தேன்."

குழந்தையை என் மடிக்கு வாங்கிக்கொண்டேன்.

"யார் காப்பாத்துனாங்கன்னு எனக்கு இன்னா தெரியும்? ஆத்தாவ வுட்டுட்டா மறுபடியும் வந்துடுவாளோன்னு பயமா கீதும்மா. உங்க சாமி கோச்சுக்குவாரா?"

"கோச்சுக்கமாட்டார்," என்றேன்.

குழந்தை என் மடியில் தூங்கிவிட்டிருந்தது.

அந்தக் கண் திரும்பாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மற்றக் கண்ணுக்குப் பயமில்லை. அவள் அழவில்லை. குழந்தையின் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அதன் பிறகு இரண்டு பெண்கள் எழுத்துக்காக மட்டும் மரத்தடிக்கு வரத் தொடங்கினார்கள். அதைச் சொல்லி இன்னும் கொஞ்ச காலம் அங்கேயே இருக்க அனுமதி வாங்கினேன். அவளும் எப்போதாவது வந்து ஓரமாக உட்காருவாள், பாட்டு முடிவதற்குள் எழுந்துவிடுவாள். அவள் ஞானஸ்நானம் பெறவில்லை. நான் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும்வரை அந்தச் சேரியில் யாருமே பெறவில்லை. என் இடத்துக்கு வந்தவளிடம் காட்ட ஒரு மரநிழல்தான் இருந்தது.

அவர்கள் மனம் திரும்புவது ஆண்டவருடைய வேலை, அவருடைய நேரத்தில் நடக்கும் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். சில நாள் அதை நம்பிச் சொல்கிறேன். சில நாள் சொல்லிவிட்டு, நம்பிக்கை வரட்டும் என்று காத்திருக்கிறேன்.