மூன்றாம் நகலில் நிற்கும் எழுத்துரு

“ரெண்டு எண்ணணும்லா யக்கா. மறுபடியும் ஒண்ணுல விட்டுட்டியளே.”

கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னான் ஏசுவடியான். பிள்ளைப்பாக்கம் ஜெபக்கூடத்தில் பாடகர் குழுவின் பதினொரு பேரும் பாட்டை நிறுத்தினார்கள். இது மூன்றாவது முறை. மூன்று முறையும் சொர்ணம்மாள்தான்.

“தாள்ல உள்ளதத்தான் பாடுதேன்.”

“அப்போ நான் கம்ப்யூட்டர்ல அடிச்சது தப்புங்கியளா?”

அவள் கம்பெனி கேண்டீனில் வேலை செய்கிறவள். “தெனம் முந்நூறு தட்டு எண்ணுதேன். எனக்கு ரெண்டு எண்ணத் தெரியாதாங்கும்? நாளைக்கு நீங்களே பாடுங்க.” தாளை நாற்காலியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஏசுவடியான் அதை எடுத்துப் பார்த்தான். இசைக்குறியின் வட்டம் உள்ளே வெள்ளையாக இருந்தால் இரண்டு எண்ணிக்கை. கறுப்பாக நிரம்பியிருந்தால் ஒன்று. அவள் தாளில் எல்லாமே கறுப்பு. அவனுடையது பிரிண்டரில் வந்தது. குழுவில் கடைசியாகச் சேர்ந்த அவளுக்குக் கிடைத்தது நகலின் நகல். திரையில் அழகாக இருந்ததென்று அவன் தேர்ந்தெடுத்த இசை எழுத்துருவில் வட்டத்துக்குள் வெள்ளை, ஊசிக் கீறல் அளவுதான். மை அடைத்துவிட்டது.

ஒரகடத்தில் லேபிள் சோதிப்பது அவன் வேலை. ரோலின் முதல் லேபிளை எவனும் பார்ப்பான். கடைசி லேபிளைப் பார்க்கத்தான் அவனுக்குச் சம்பளம். இங்கே முதலாவதோடு விட்டிருந்தான்.

இசை மென்பொருளுக்கு இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல எழுத்துருக்கள் நான்கை இறக்கி, ஒரே வரியை நான்கிலும் அடித்து, பகலவனின் ஜெராக்ஸ் கடைக்குப் போனான்.

“ஒரு நகல் எடுங்க. அந்த நகல நகல் எடுங்க. அதையும்.”

“இன்னாபா, ஜெராக்ஸுக்குப் பேரப்புள்ள பொறக்குற வரைக்கும் வுடமாட்டியா?”

மூன்றாம் நகலில் மூன்று எழுத்துருக்கள் அடைத்துப்போயிருந்தன. நான்காவது தடித்த கோடும் அகன்ற வட்டமுமாக லட்சணமில்லாமல் இருந்தது. அதில் மட்டும் வெள்ளை நின்றது.

“கீறதுலயே இதான் அசிங்கம்,” என்றான் பகலவன்.

“இதுதான் வேணும்.”

பாட்டு முழுவதையும் அதில் மாற்றி அடித்து, நகலெடுத்து, சொர்ணம்மாளின் வாடகை அறைக்குக் கொண்டுபோனான்.

“நீங்க பாடுனது சரிதான் யக்கா. தாளுதான் தப்பு. நான் பாக்காம விட்டுட்டேன்.”

அவள் விளக்குக்குக் கீழே பிடித்து, விரலால் கதவில் தட்டிப் பார்த்தாள். ஒன்று, இரண்டு.

“என்னைய எல்லாரு முன்னாலயும்லா சொன்ன. இதயும் அங்க வச்சுச் சொல்லுவியா?”

“சொல்லுதேன்.”

மறுநாள் ஞாயிறு. ஆராதனைக்கு முன்பு மற்றவர்களை நிற்கவைத்து, தப்பு தன்னுடைய தாளில்தான் என்று ஏசுவடியான் சொன்னான். யாரோ இருமினார்கள். புதிய தாள்கள் கைமாறின. பாட்டில் மூன்று சரணம். சொர்ணம்மாள் இரண்டு எண்ணிக்கையும் இழுத்துப் பாடினாள். இரண்டு மணிக்கு அவளுக்கு ஷிஃப்ட். ஒன்றரைக்கு பஸ் ஏறினாள்.