குழி ஓரத்தில் போட்ட ஜீரோ

பம்பு பார்க்கிற சவரிமுத்து அண்ணன் ஏணியில் இரண்டு படி இறங்கிவிட்டார். திண்டுக்கல்லை ஒட்டிய ஒரு தோல் பதனிடும் ஷாப்பின் கழிவுநீர்க் குழி அது. அடைத்துக்கொண்ட பம்பைச் சரிசெய்ய வேண்டும். என் கையிலிருந்த விஷவாயு மீட்டரில் பச்சை விளக்கு எரிந்தது.

மீட்டருக்குள் இருந்த சிப் எங்கள் லேபில் செய்தது. செம்புத் தகட்டில் ஒற்றைக் கார்பன் அடுக்காக வளர்ந்த கிராஃபீன் படலத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, சிலிக்கானில் ஏந்தி எடுப்போம். சோர்ஸ், டிரெயின், கேட் என்று மூன்று மின்முனைகள் கொடுத்தால் டிரான்சிஸ்டர். வாயு வந்து ஒட்டினால் கரண்ட் மாறும், சிவப்பு எரியும். ஆன் செய்ததும் திரையில் கோடு அலையும். அடங்கியபின் ஜீரோ பட்டனை அழுத்த வேண்டும்; அப்போது சுற்றியுள்ள காற்றைச் சுத்தமானது என்று மீட்டர் பதிந்துகொள்ளும். ஷாப் சூப்பர்வைசருக்கு இதைப் போன வாரம்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

“நீங்க வர்றதுக்குள்ள ஜீரோ போட்டு வச்சுட்டேன் மேடம்” என்றார் பெருமையாக.

“எங்க வச்சுப் போட்டீங்க?”

“இங்கனதான், குழி ஓரத்துல.”

ஷாப்பின் வாசல் கேட்டுக்குள் நுழைந்தபோது அழுகிய முட்டை நாற்றம் குமட்டியது. இப்போது நாற்றமே இல்லை. அந்த நாற்றத்தைத் தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும். சிப்புக்கோ அந்த விஷக் காற்றையே நல்ல காற்று என்று காட்டியாகிவிட்டது.

“அண்ணே, மேல ஏறுங்க!” என்று கத்தினேன்.

“செத்த இரு தாயி, பம்பு தெரியுது” என்று அடுத்த படியில் கால் வைத்தார்.

வயதில் பெரியவர் என்றெல்லாம் பார்க்கவில்லை. சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். சூப்பர்வைசர் அவர் கையைப் பிடித்து மேலே தூக்கினார். மூவரும் கேட்டுக்கு வெளியே ஓடினோம்.

ரோட்டோரக் காற்றில் கோடு சரசரவென்று இறங்கியது. அடங்கியதும் மறுபடி ஜீரோ போட்டேன். திரும்பி உள்ளே வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, காற்றுக்கு முதுகு காட்டி நின்று, நீளக் கம்பில் மீட்டரைக் கட்டி நீட்டினோம். குழியை எட்டும் முன்பே சிவப்பு எரிந்தது.

சவரிமுத்து அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். “நாத்தம் நின்னுருச்சேனுதான தாயி தைரியமா எறங்குனேன்” என்றார்.

“இம்புட்டு நாளா பம்பு அடைச்சா என்னண்ணே செய்வீங்க?” என்று கேட்டேன்.

“செயின் போட்டு பம்பை வெளிய தூக்கிருவோம். எறங்க எவனுக்குத் தைரியம் வரும்? இந்த மீட்டரு வந்தபெறகுதான் எறங்கச் சொன்னாக.”

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஜீரோவை வெளிக்காற்றில் போடச் சொல்லித்தருகிறேன். அதற்கும் முன்னால், குழிக்குள் ஆளை இறக்குவதற்காக நாம் மீட்டர் செய்யவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.